பயிர்க் காவலுக்கு உதவும் எச்சரிக்கைக் குரல்கள்

வயலிலும் தோட்டத்திலும் பறவைகளும் விலங்குகளும் எழுப்பும் ஒலிகளைப் பொருளறிந்து கேட்கும் முறை

முன்னுரை

நெல்லை விதைத்த நாள் தொடக்கம் களத்திற் சூடு மிதித்து முடியும் வரையும் கமக்காரர் தம் பயிரைப் பல பகைகளினின்றும் காத்து நிற்கின்றனர். பகலிற் கிளியும் சில்லையும் மயிலும் குரங்கும், இரவிற் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் யானையும் வயலையும் தோட்டத்தையும் நாடி வருகின்றன. வரம்பில் நடப்போருக்குப் பாம்பும் ஓர் அபாயமாகும். இவற்றைக் கண்டறியக் காவலாளிக்கு இரு கண்களே உள்ளன. அவையும் இருளிற் போதிய அளவு பயன்படுவதில்லை. ஆயினும், வயலைச் சூழ்ந்து வாழும் பறவைகளும் விலங்குகளும் இரவும் பகலும் விழிப்பாயிருக்கின்றன. அவை தம் உயிரையும் குஞ்சுகளையும் காக்கும்பொருட்டு எழுப்பும் எச்சரிக்கை ஒலியைப் பொருளறிந்து கேட்பவர், கூலி பெறாத காவலர் பலரைத் தமக்குத் துணையாகப் பெற்றவராவர்.

ஆட்காட்டி என்னும் பெயரே நம் முன்னோர் இவ்வறிவைப் பெற்றிருந்தனர் என்பதற்குச் சான்றாகும். ஆள் வருவதைக் காட்டுவதனால் அப்பறவைக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. ஆனால், அது ஆளை மாத்திரமன்றி நாயையும் நரியையும் மாட்டையும் கண்டு கத்தும். எனவே, குரலைக் கேட்டல் முதற் படியாகும். அக்குரல் எதனைச் சுட்டுகின்றது எனத் தேர்ந்தறிதல் இரண்டாம் படியாகும். அவ்விரண்டாம் படியை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கம்.

1. வழக்கமான ஒலிகளை முதலில் அறிதல்

எச்சரிக்கை ஒலியை இனங்காண விரும்புபவர், எச்சரிக்கை அல்லாத ஒலிகளை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். பறவைகளின் ஒலிகளைப் பொதுவாக ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

(அ) பாட்டு: ஆண் பறவை தன் எல்லையை அறிவிக்கவும் பெடையை அழைக்கவும் எழுப்புவது. பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் ஒரே கொம்பிலிருந்து கேட்கும்.

(ஆ) கூட்டொலி: இரை தேடும்போது ஒன்றையொன்று பிரியாதிருப்பதற்காக இடையிடையே எழுப்பும் மெல்லொலி.

(இ) குஞ்சுகள் இரை வேண்டிக் கத்தும் ஒலி.

(ஈ) தம்முட் சண்டையிடும்போது எழும் ஒலி. இது திடீரென எழுந்து விரைவில் ஓயும்.

(உ) எச்சரிக்கை ஒலி.

முதல் நான்கும் கேட்கும்பொழுது வயல் அமைதியாயுள்ளது எனக் கொள்ளலாம். நாள்தோறும் ஒரே இடத்திற் பத்து நிமிடம் அசையாது அமர்ந்து இவ்வொலிகளைக் கேட்டுப் பழகுபவருக்கு, ஐந்தாவது ஒலி எழும்போது அதன் வேறுபாடு தானே புலப்படும். மனிதர் ஒருவர் நடந்து வந்து அமர்ந்தவுடன் அவரைக் கண்டே பறவைகள் கலவரமடைவதால், முதற் சில நிமிடங்களிற் கேட்பவற்றைக் கணக்கிற் கொள்ளலாகாது.

2. எச்சரிக்கை ஒலியின் வகைகள்

எல்லா எச்சரிக்கையும் ஒரே தன்மையன அல்ல. கமக்காரர் பின்வரும் நான்கையும் வேறுபடுத்தி அறிதல் நன்று.

முதலாவது, வானத்து அபாய ஒலி. வல்லூறு போன்ற வேட்டைப் பறவை பறந்து வரக் கண்டதும் சிறு பறவைகள் மெல்லிய, கீச்சென்ற, நீண்ட ஓர் ஒலியை எழுப்பி உடனே புதருள் மறைந்துவிடும். அவ்வொலி எங்கிருந்து வருகின்றது என்று அறிவது கடினம். இதன் காரணத்தைப் பீற்றர் மாளர் என்னும் விஞ்ஞானி 1955 ஆம் ஆண்டில் விளக்கினார். மிக உயர்ந்த சுருதியில், மெல்லத் தொடங்கி மெல்ல முடியும் ஒலியின் திசையை அறிதல் அரிது. ஆகவே, ஒலி எழுப்பிய பறவை தன் இருப்பிடத்தைப் பகைக்குக் காட்டாமலே தன் இனத்தை எச்சரிக்க முடிகின்றது.

இரண்டாவது, நிலத்து அபாய ஒலி. பாம்பு, கீரி, பூனை, அமர்ந்திருக்கும் ஆந்தை ஆகியவற்றைக் கண்டால் பறவைகள் மறைவதில்லை. கரகரத்த குரலில் விட்டுவிட்டுக் கத்தி, அண்டை அயலிலுள்ள பறவைகளையும் அழைத்து, பகையைச் சூழ்ந்துகொண்டு துரத்த முயலும். இவ்வொலியின் திசை எளிதிற் புலப்படும். பிறரை அவ்விடத்துக்கு அழைப்பதே அதன் பயனாகலின் அது அவ்வாறு அமைந்துள்ளது.

மூன்றாவது, துன்பக் குரல். பகையின் பிடியில் அகப்பட்ட பறவை அல்லது விலங்கு வீறிட்டலறும் ஒலி இதுவாகும்.

நான்காவது, மௌனம். இரைந்துகொண்டிருந்த வயலோரம் ஒரே கணத்தில் அடங்குமாயின் அதுவும் ஓர் எச்சரிக்கையே. இரவில் வாய்க்காற் பக்கத்துத் தவளைகள் ஓரிடத்தில் மட்டும் ஓய்ந்துவிட்டால், அவ்விடத்தில் ஏதோ ஒன்று நடமாடுகின்றது எனக் கருதலாம்.

குரலின் வேகத்தையும் கவனித்தல் வேண்டும். அபாயம் நெருங்கும்போது பல உயிர்கள் விரைவாகவும் இடைவிடாதும் கத்துகின்றன. வட அமெரிக்காவிலுள்ள கருந்தலைச் சிட்டு ஒன்றை ஆராய்ந்தவர்கள், தன்னைப் பிடிக்க வல்ல பகைக்கு ஏற்ப அது தன் அழைப்பின் இறுதி அசையைக் கூடிய தடவை ஒலிப்பதை 2005 இல் வெளியிட்டனர்.

3. நம் வயல்களிற் கேட்கும் குரல்கள்

ஆட்காட்டி: ‘டிட்-டி-டூ-டிட்’ என்று கூர்மையாகக் கத்தும். இரவிலும் விழித்திருப்பதால் காவலுக்கு மிகவும் உகந்தது. ஒருமுறை கத்திப் பறந்து வேறிடத்தில் இறங்கினால் ஏதோ ஒன்று அவ்வழியே கடந்து செல்கின்றது எனலாம். ஒரே இடத்தின் மேல் வட்டமிட்டுத் தாழப் பாய்ந்து கத்தினால், அங்கே முட்டையோ குஞ்சோ உண்டு. பகை அதனை நெருங்கிவிட்டது. கத்தும் இடம் சிறிது சிறிதாக நகர்ந்து உங்கள் காவற் கொட்டிலை நோக்கி வருமாயின், நடமாடும் பொருளும் அத்திசையில் வருகின்றது என்று ஊகிக்கலாம்.

புலுனி: தவிட்டுக்குருவி எனவும் வழங்கும் இச்சாம்பல் நிறப் பறவை ஏழெட்டாகக் கூடித் திரியும். அவை அனைத்தும் ஒரு புதரைச் சூழ்ந்து, தலையைக் கீழ்நோக்கி வைத்து, இறகு தாழ்த்தி ஓயாது கலகலத்தால், புதரடியிற் பாம்போ கீரியோ பூனையோ இருத்தல் கூடும். தம்முட் சண்டையிடும்போது அவை ஒன்றையொன்று நோக்கும். பகையைக் கண்டபோது எல்லாம் ஒரே இடத்தையே நோக்கும். இவ்வேறுபாட்டை மறவாதீர்கள்.

கரிச்சான்: இரட்டைவாலுடைய இப்பறவை காகத்தையும் பருந்தையும் அஞ்சாது துரத்தும். அதன் குரல் வானத்தை நோக்கியதாயின் பயிருக்கு அபாயம் இல்லை. வீட்டுக் கோழிக் குஞ்சுகளுக்கே அபாயம்.

அணில்: வாலை உதறிக்கொண்டு ‘சிக்-சிக்’ என்று நெடுநேரம் கத்தினால், நிலத்திலோ மரத்திலோ பகை ஒன்றைக் கண்டுள்ளது எனலாம். அணிலின் தலை எத்திசையில் இருக்கின்றது எனப் பார்த்து, அத்திசையைக் கவனிக்க வேண்டும்.

மானும் மரையும்: காட்டோர வயல்களில் உள்ளோர் இவற்றை அறிவர். புள்ளிமான் முன்னங்காலை நிலத்தில் உதைத்துக் கூரிய குறுங்குரல் எழுப்பும். மரையின் குரல் ஆழ்ந்து மணியோசை போல் ஒலிக்கும். மரத்து உச்சியிலிருந்து கரிய முகத்து மந்தி இருமுவது போலக் குரைக்குமாயின், கீழேயுள்ள மானும் விழிப்படையும். இவை மூன்றும் சேர்ந்து ஒலித்தால் சிறுத்தை நடமாடுகின்றது எனக் கொண்டு, தனியே செல்வதைத் தவிர்க்க வேண்டும். கன்றுகளையும் ஆடுகளையும் பட்டியில் அடைக்க வேண்டும்.

குரங்கு: தோட்டக்காரர் இதன் எச்சரிக்கைக் குரலினும் இரைக் குரலையே கூடுதலாக அறிந்திருத்தல் வேண்டும். பொலனறுவையில் 1968 ஆம் ஆண்டு தொடக்கம் செங்குரங்குகளை ஆராய்ந்து வந்த உல்வ்காங் டிற்றஸ் என்பவர், மிகுந்த உணவைக் கண்ட குரங்கு தனியானதோர் ஒலியை எழுப்புவதையும், சிதறியிருந்த கூட்டம் அதனைக் கேட்டு அங்கு ஓடி வருவதையும் 1984 இல் எடுத்துக்காட்டினார். எனவே, தோட்டத்துள் முதலில் நுழையும் ஒன்றிரண்டு குரங்குகளை உடனே விரட்டுதல் வேண்டும். அவை தம் கூட்டத்தை அழைத்த பின்பு விரட்டுதல் பெரிதும் கடினமாகும்.

4. யானையைப் பற்றித் தனியே கூற வேண்டியது

மான் கத்தாதிருப்பதால் யானை வரவில்லை என்று எண்ணுதல் பெருந் தவறு. யானை மானை உண்பதில்லை. ஆகவே மானும் மந்தியும் யானையைக் கண்டு சிறுத்தையைக் கண்டது போலக் கத்துவதில்லை. யானையும் மானும் ஒரே குளத்தின் அலைகரையில் அருகருகே மேய்வதை உலர் வலயத்திற் காணலாம். யானையின் வருகையை அறிதற்குக் கொம்பு முறியும் ஓசை, நாயின் குரைப்பு, ஆட்காட்டியின் இரவுக் குரல், மாடுகளின் அமைதியின்மை ஆகியவற்றையே நாடுதல் வேண்டும்.

யானைகள் தம்முட் பேசும் ஒலிகளிற் பல மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வுடையன. கேற்றி பெயின் என்பவரும் அவருடன் ஆராய்ந்தவர்களும் ஆசிய யானைகளில் இதனைக் கண்டு 1986 இல் வெளியிட்டனர். ஆகவே, கூட்டம் ஒன்று மிக அமைதியாக வயலோரம் நிற்றல் கூடும். யானை பிளிறினாலும், துதிக்கையை நிலத்தில் அடித்து ‘தொம்’ என ஒலியெழுப்பினாலும், அது கலவரமடைந்துள்ளது என்பதே பொருள். அந்நிலையில் வெளிச்சத்தைக் கொண்டு நெருங்கிச் செல்லுதல் உயிருக்கு ஆபத்தானது. இலங்கையில் 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் மனித–யானை மோதலினால் 150 க்கு மேற்பட்ட மக்களும் 450 க்கு மேற்பட்ட யானைகளும் உயிரிழந்தமையை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

யானைக்கும் அஞ்சத்தக்க ஒலி ஒன்றுண்டு. கலைக்கப்பட்ட தேனீக்களின் இரைச்சலைக் கேட்ட காட்டு யானைகள் விலகிச் செல்வதை உடவளவையில் நடத்திய ஆய்வொன்று 2018 இல் காட்டியது. ஆயினும், ஒலியை மாத்திரம் நம்பி வேலியைக் கைவிடலாகாது.

5. குரலை எவ்வளவு நம்பலாம்?

எச்சரிக்கைக் குரல் பொருளற்ற கூச்சலன்று. கென்யாவிலுள்ள அம்போசெலியில் வாழும் ஒருவகைக் குரங்குகள் சிறுத்தைக்கும் கழுகுக்கும் பாம்புக்கும் வெவ்வேறு குரல் எழுப்புகின்றன. ஆய்வாளர் அக்குரல்களைப் பதிவு செய்து ஒலிக்கச் செய்தபோது, குரங்குகள் முறையே மரத்தில் ஏறின, வானத்தை நோக்கின, நிலத்தை நோக்கின. இவ்வாய்வு 1980 இல் வெளிவந்தது.

ஓரினத்தின் குரலைப் பிறிதோரினமும் விளங்கிக்கொள்கின்றது. நமது சிங்கராஜ வனத்திற் பல இனப் பறவைகள் ஒன்றாகத் திரளும் கூட்டங்களை ஈபன் குட்டேலும் பேராசிரியர் சரத் கொட்டகமவும் ஆராய்ந்தனர். அக்கூட்டங்களிலுள்ள கரிச்சான் இனம், அபாய வேளையிற் பிற பறவைகளின் எச்சரிக்கை ஒலிகளையும் தன் குரலோடு சேர்த்து ஒலிப்பதை அவர்கள் 2006 இல் வெளியிட்டனர்.

எனினும், குரல் பொய்யாதலும் உண்டு. ஆபிரிக்காவின் கலகாரிப் பாலைநிலத்தில் வாழும் கரிச்சான் ஒன்று, பகை இல்லாதபோதும் பிற உயிர்களின் எச்சரிக்கை ஒலியை எழுப்பி, அவை அஞ்சி ஓடியதும் அவற்றின் இரையைக் கவர்கின்றது. ஏமாந்தவை அக்குரலை மதியாது விடத் தொடங்கினால், வேறோர் இனத்தின் குரலை எடுத்துக்கொள்கின்றது. இது 2014 இல் வெளியிடப்பட்ட ஆய்வின் முடிவாகும்.

இவற்றினின்றும் கமக்காரர் கொள்ளத்தக்க விதி ஒன்றுண்டு: ஓரினத்தின் குரல் ஐயத்துக்கு இடம், ஈரினங்களின் குரல் சான்று. ஆட்காட்டி மட்டும் கத்தினால் எழுந்து கவனியுங்கள். ஆட்காட்டியும் நாயும், அல்லது புலுனியும் அணிலும் ஒரே திசையைக் காட்டினால் உறுதியாக ஏதோ ஒன்று உண்டு எனக் கொள்ளுங்கள். எக்குரலும் கேளாமையை மட்டும் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

6. குரல் கேட்டவுடன் செய்யவேண்டியவை

(1) நடப்பதை நிறுத்தி அசையாது நில்லுங்கள். நீங்களே அக்குரலுக்குக் காரணமாயின் அது சிறிது நேரத்தில் ஓயும்.

(2) குரல் மேலே நோக்கியதா, கீழே நோக்கியதா, ஓரிடத்தில் நிற்கின்றதா, நகர்கின்றதா எனத் தேருங்கள்.

(3) கீழே நோக்கியதாயின், அடுத்த அடி வைக்குமுன் வரம்பையும் வைக்கோலையும் புற்பற்றையையும் விளக்கொளியிற் பாருங்கள். கோல் ஒன்றினால் நிலத்தைத் தட்டிக்கொண்டு செல்லுங்கள்.

(4) காட்டு விலங்கு என ஐயுறின், தனியே முன் செல்லாது பரணிலோ கொட்டிலிலோ இருந்தபடி அயலவருக்கு அறிவியுங்கள்.

அருவி வெட்டுக் காலத்திற் கண்ணாடிப் புடையன் வைக்கோலிலும் காய்ந்த புல்லிலும் கிடந்து, பொழுதுபட வெளிவரும். நீர் பாய்ச்சவும் வாய்க்காலைத் திறக்கவும் கமக்காரர் செல்லும் நேரமும் அதுவே. இலங்கையில் 2012–2013 இல் நாடளாவி எடுத்த கணிப்பின்படி, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்பினாற் கடியுண்டனர். 400 க்கு மேற்பட்டோர் இறந்தனர். உயரமான இறப்பர்ச் சப்பாத்தும் கைவிளக்கும் இன்றி அவ்வேளையில் வயலில் இறங்கலாகாது. கடியுண்டவரின் கடிவாயை வெட்டுவதோ உறிஞ்சுவதோ இறுகக் கட்டுவதோ தவறு. கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, 1990 இலக்க நோயாளர் வண்டியை அழைத்தோ வேறு வண்டியிலோ தாமதமின்றி அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

7. ஒலியைக் கொண்டு பறவைகளை விரட்டுதல்

பறவையின் துன்பக் குரலைப் பதிவு செய்து ஒலிபரப்பி, அவ்வினத்தை விரட்டலாம் என்பதை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹியூபேட் பிறிங்ஸ் என்பவர் 1954 இல் செய்து காட்டினார். இன்று கைத்தொலைபேசி உள்ள எவரும் இதனை முயலக்கூடும். ஆயின் பின்வருவன கவனிக்கத்தக்கன.

ஓரினத்தின் குரல் பெரும்பாலும் அவ்வினத்தையே விரட்டும். ஒரே ஒலியை ஒரே இடத்தினின்றும் நாள் முழுவதும் ஒலிக்கச் செய்தால், அதனால் தீங்கில்லை எனப் பறவைகள் சில நாட்களில் அறிந்துகொள்ளும். வெருளிக்கும் தகரப்பேணிக்கும் நேர்வதும் இதுவே. ஆகவே, கதிர் பால்பிடிக்கும் பருவம் வரை இதனைச் சேமித்து வையுங்கள். பறவைகள் வந்திறங்கும் வேளையில் மட்டும் சிறிது நேரம் ஒலிக்கச் செய்யுங்கள். இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். வெருளியையும் ஆள் நடமாட்டத்தையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள். பறவைகள் கூடு கட்டியுள்ள வேலிகளின் அருகே இதனைச் செய்யாதீர்கள். அவை கூட்டை விட்டகன்றால் உங்கள் காவலரையே இழப்பீர்கள்.

8. காவற் பறவைகளைப் பேணுதல்

ஆட்காட்டி கூடு கட்டுவதில்லை. வெறுநிலத்திற் சிறு பள்ளத்திலே பெரும்பாலும் நான்கு முட்டைகளை இடும். அவை நிலத்தின் நிறத்தை ஒத்திருத்தலின் உழவிலும் மிதியிலும் எளிதில் அழியும். பெற்ற பறவைகள் வட்டமிட்டுக் கத்தும் இடத்தைக் கண்டால், நான்கு தடிகளை நட்டு அடையாளமிட்டு, அச்சிறு துண்டைக் குஞ்சு பொரிக்கும் வரை விட்டுவையுங்கள்.

பறவைகள் சூழ்ந்து கத்துகின்றன என்பதனால் அங்குள்ள உயிர் கொல்லத்தக்கது ஆகாது. சிறு பறவைகள் ஆந்தையைக் கண்டு கூச்சலிடும். சாரைப்பாம்பைக் கண்டும் கூச்சலிடும். ஆயின் ஆந்தையும் சாரையும் வயலெலியை உண்டு நெல்லைக் காக்கின்றன. எச்சரிக்கை குருவியின் பகையைச் சுட்டுவது; அது கமக்காரரின் பகையும் ஆகுமா என்பதை அவரே தேர்ந்தறிதல் வேண்டும்.

வேலியோரக் கிளுவையையும் வரம்பருகே நிற்கும் தனி மரங்களையும் முற்றாக வெட்டாதீர்கள். கரிச்சானும் புலுனியும் அவற்றிலிருந்தே வயலைக் காக்கின்றன. கரிச்சான் பூச்சிகளையும் பிடித்துண்கின்றது. பெரும்பாலான காட்டுப் பறவைகளும் விலங்குகளும் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாற் காக்கப்பட்டவை என்பதையும் அறிந்திருங்கள்.

9. பயிற்சி

பாடசாலைக் கொப்பி ஒன்றில் ஐந்து நிரல்கள் வரைந்துகொள்ளுங்கள்: நேரம், இடம், குரல் எழுப்பிய உயிர், குரலின் தன்மை, பின்பு கண்டது. ஒவ்வொரு நாளும் கேட்ட ஒரு குரலையேனும் அதில் எழுதுங்கள். காரணம் காணப்படாதவற்றையும் எழுதத் தவறாதீர்கள். ஒரு போகம் முடியும்போது, உங்கள் வயலில் எக்குரல் எத்தனை முறை மெய்யாயிற்று என்பதை அக்கொப்பியே கூறும். வேறொருவர் வயலுக்குப் பொருந்தும் விதி உங்கள் வயலுக்குப் பொருந்தாதிருத்தல் கூடுமாகையால், இதுவே சிறந்த ஆசிரியனாகும். வீட்டுப் பிள்ளைகளின் செவி கூரியது. அவர்களையும் பகற்பொழுதில் இதில் ஈடுபடுத்துங்கள்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. வழக்கமான ஒலியை அறிந்தவரே வழக்கமற்ற ஒலியை அறிவர்.
2. பறவைகள் மறைந்தால் வானத்தையும், சூழ்ந்து கத்தினால் நிலத்தையும் நோக்குக.
3. ஓரினத்தின் குரல் ஐயம். ஈரினங்களின் குரல் சான்று.
4. மான் கத்தாமை யானை இல்லாமைக்குச் சான்றன்று.
5. குரலைக் கேட்டதும் நிற்க. பார்த்த பின்பே நடக்க.
6. எச்சரிக்கும் பறவையின் கூட்டையும் மரத்தையும் காப்பாற்றுக.

மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் சந்தித்து, தாம் எழுதிய குறிப்புக்களையும் காட்டி ஆலோசனை பெற்றுக்கொள்ளலாம்.